சிட்டுவின் கழுத்தும் நித்யாவின் தலையும்

என் மகனுக்கு,

நல்ல செய்திகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். உன் அக்காவின் மூத்த மகனுக்கு ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்துவிட்டது. முதல் நாள் அவனை வழியனுப்ப உன் அக்கா பஸ் ஸ்டாண்டு வரை போய் அழுதாளாம். சாயங்காலம் வீடு திரும்புகிறவனுக்கு எதற்கு அழுகை என்று அவன் கேட்டானாம். அவன் தங்கை பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்து, தலைமையாசிரியர் கையால் ஒரு பேனா வாங்கியிருக்கிறாள். இரவல் கேட்ட அப்பனுக்குக்கூட அந்தப் பேனாவை அவள் கொடுப்பதில்லை. அதற்கு அடுத்தவன் கபடி ஆடப் போய், ஒரு பல்லை உடைத்துக்கொண்டு கோப்பையோடு வந்து நின்றான். உன் மகள் நித்யா ஒன்றாம் வகுப்பிலேயே மேடையேறி, மைக்கை அவளே இழுத்துப் பிடித்துப் பேசிப் பரிசு வாங்கினாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்தாலும் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. பெருமைக்காரி என்று என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசட்டும்.

போன வாரம் பால் வாங்க வந்த அடுத்த தெருக்காரியிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நித்யாவிடம் வந்து நின்றதும் அவள் மெதுவாகக் கேட்டாள்: “பேத்திக்குப் பின்தலையில முடி கொட்டி, துணியக் கட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறாளாமே, நெசமாக்கா?” “அதெல்லாம் சரியாப் போச்சு” என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன பிறகு எனக்கே எரிச்சலாக இருந்தது. அது என் பேச்சு இல்லை, நீ போனில் சொன்ன பேச்சு.

எஸ்.டி.டி. பூத்தில் எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றதால் அன்றைக்கு உன்னிடம் எதையும் முழுதாகக் கேட்க முடியவில்லை. “அரிப்பே இல்லம்மா, எல்லாம் சரியாப் போச்சு. மாத்திரையக்கூட நிப்பாட்டியாச்சு” என்றாய். யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டேன். “யாரு சொல்லணும்? நான் ஒரு ட்யூப் வச்சிருக்கேன்ல, ஊருக்குக்கூடக் கொண்டு வந்தேனே, அதுலயே இன்னொண்ணு வாங்கித் தடவுனதும் அடங்கிருச்சு” என்றாய். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நித்யாவிடம் கொடுத்துவிட்டாய். “அப்பத்தா, நம்ம சிட்டுக் கன்னுக்குட்டிக்கு முடி வந்துருச்சா?” என்று கேட்டாள். “வந்துருச்சுட்டி தங்கம். எம்புட்டு அழகா வந்துருக்கு தெரியுமா?” என்றேன். “அப்ப எனக்கு ஏன் வரல?” என்றாள். நீ போனைப் பிடுங்கி, “சின்னப்பிள்ள, என்னத்தையாவது சொல்லும். வச்சிர்றேம்மா” என்று வைத்துவிட்டாய்.

நான் சொல்ல வந்தது இரண்டே வார்த்தை. அந்த ட்யூபைத் தூக்கி எறி. நித்யாவை மறுபடியும் மாத்திரை எழுதிக் கொடுத்த அந்தத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். மாட்டைப் பற்றித் தெரிந்தவளுக்குப் பிள்ளையைப் பற்றி என்ன தெரியும் என்பாய். அதனால் சிட்டுவுக்கு நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உன் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படி. வேறு யார் படித்தாலும் எனக்குக் கூச்சம் இல்லை.

நம் வீட்டுக்கு முதல் முதலாக வந்த பசுவை உன் அப்பா தேவதானத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். தேவதானத்துக்காரி என்றே அவளைக் கூப்பிட்டோம். அவள் பாலில்தான் உன் காலேஜ் படிப்பு ஓடியது. அவள் கழுத்தில் கிடந்த தோல் பட்டையை, ஏழு சலங்கையோடு, அவள் போன பிறகும் உன் அப்பா தொழுவத்து உத்தரத்தில் ஆணியடித்து மாட்டி வைத்திருந்தார். அவள் வம்சத்தில் பிறக்கிற ஒவ்வொரு கிடேரிக் கன்றுக்கும் முதல் மாட்டுப் பொங்கலன்று அந்தப் பட்டையைக் கட்டி, சாயங்காலம் அவிழ்த்து மறுபடி ஆணியில் மாட்டிவிடுவார். இந்தத் தடவை சிட்டுவின் முறை. கட்டியது நீ. அவிழ்த்ததும் நீ. அவிழ்த்த கையோடு நித்யா அதை வாங்கி, சலங்கை நெற்றியில் வரும்படி தலையில் கட்டிக்கொண்டு, “நான்தான் சிட்டு, எனக்குப் புல்லு போடுங்க” என்று முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். எல்லோரும் சிரித்தோம். உன் அப்பா நிஜமாகவே ஒரு பிடி புல்லைக் கொண்டுவந்து நீட்டினார்.

நீங்கள் மெட்ராஸ் போய்ச் சில வாரத்தில் சிட்டுவின் கழுத்தில் வட்டமாக ஓர் இடத்தில் முடி ஒடிந்து, சாம்பல் அப்பியதுபோல் பொருக்குத் தட்டியது. உன் அப்பா கண்ணேறு என்றார். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் பூசினார். பொருக்குப் போகவேண்டுமென்று தேங்காய் நாரால் தேய்த்தார். அதே நாரால் தாய்ப்பசுவையும் தேய்த்துக் குளிப்பாட்டினார். பிறகு அலமாரியில் நீ விட்டுப்போன ட்யூப் அவர் கண்ணில் பட்டது. நீ காலில் அரிப்புக்குத் தடவுவாயே, அதுதான். அதை எடுத்துப் பூசினார். சிவப்பும் அரிப்பும் உடனே அடங்கின. “பாத்தியா, மெட்ராஸ் மருந்து! என் மகன் வச்சிருக்கது சும்மாவா?” என்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் பெருமை ஓய்வதற்குள் அந்தத் தோல்படை கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல் ஓடி, கண்ணைச் சுற்றியும் வெள்ளையாக ஏறிவிட்டது. “கண்ணாடி போட்ட வாத்தியாரு மாதிரில்லா இருக்கு” என்று அவரே சிரித்தார். தாய்ப்பசுவின் தோளிலும் ஒரு வட்டம் வந்ததும் சிரிப்பு நின்றது. நம் வீட்டுப் பால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்களுக்குத்தானே போகிறது. பால் எடுக்க வந்தவர் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, “கோவிச்சுக்காதீக, கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுப் பாலு வேண்டாம்” என்று வெறுங்கேனோடு போய்விட்டார். அதன் பிறகுதான் உன் அப்பா சிட்டுவை ஓட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

அங்கே இருப்பது ஒரு டாக்டரம்மா. உன் அப்பா அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “டாக்டரு வந்தாச்சா?” என்று கேட்டார். “வந்தாச்சு பெரியவரே, நான்தான்” என்றார் அவர். “கன்னு உதைக்கும்மா, பாத்து” என்றார் உன் அப்பா. “என்னைய உதைக்காத மாடு இந்தத் தாலுகாவுலயே கிடையாது. கொண்டாங்க” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். வட்டத்தின் நடுவை அவர் தொடவில்லை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பொருக்கையும் ஒடிந்த முடியையும் சுரண்டி எடுத்து, கண்ணாடிச் சில்லில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, செத்த நேரம் பொறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். முடியைச் சுற்றி ஜவ்வரிசி ஒட்டினாற்போல் மணி மணியாக இருந்தது. “இது படர்தாமரை. ஊறுகாயில பூக்குது பாருங்க பூசணம், அந்தச் சாதி. தோலையும் முடியையும் தின்னு வாழும்” என்றார்.

உன் அப்பா, “நல்லா சுருக்குன்னு ஒரு ஊசியப் போட்டு விடுங்கம்மா” என்றார். அதற்கு அந்த அம்மா சொன்ன பதிலை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். புண்ணில் சீழ் பிடிக்க வைக்கிற கிருமி வேறு, பூசணம் வேறு. அந்தக் கிருமிக்குப் போடுகிற ஊசி பூசணத்தை ஒன்றும் செய்யாது. அந்தக் கிருமியின் உடம்பு மாட்டின் உடம்பு போல இருக்காது, அதனால் மாட்டுக்கு வலிக்காமல் அதை மட்டும் அடிக்க மருந்து இருக்கிறது. பூசணத்தின் உடம்போ நம் உடம்புக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. அதை அடிக்கிற மருந்து கொஞ்சம் தவறினால் நம் ஈரலையும் சேர்த்து அடிக்கும். அதனால்தான் பூசணத்துக்கான மருந்துகளே குறைவு, அதையும் நிதானமாக, பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார்.

பிறகு உன் ட்யூபைக் காட்டினோம். எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டு மேசையில் டொக்கென்று வைத்தார். “இதுல பூசண மருந்து துளிதான் இருக்கு. கூட ஸ்டீராய்டு கலந்திருக்கு. தோலு பூசணத்தோட சண்டை போடுறதாலதான் சிவக்குது, அரிக்குது. இது அந்தச் சண்டைக்காரனத் தூங்க வச்சிருது. வீட்டுல காவக்காரன் தூங்குனா திருடனுக்கு என்ன குறை? வெளிய அமைதியாத் தெரியும், உள்ள பரவிக்கிட்டே இருக்கும்” என்றார். இந்த வரியை இரண்டு தடவை படி. நீ போனில் சொன்ன ‘அடங்கிருச்சு’ இதுதான்.

மேலே தடவ ஒரு களிம்பு கொடுத்தார். பொருக்கை நாரால் தேய்க்காமல் ஊறவைத்து எடுத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, வட்டத்துக்கு வெளியேயும் ஒரு விரல் அகலம் சேர்த்துத் தடவச் சொன்னார். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியில் ஆளுக்கொரு துண்டு. சிட்டுவைத் தொட்ட துண்டு தாயைத் தொடக்கூடாது, பிறகு எரித்துவிட வேண்டும். உள்ளுக்கு மாத்திரை. சீட்டைப் பார்த்து எழுதுகிறேன், அதன் பெயர் கிரிசியோஃபுல்வின். கொழுப்போடு போனால்தான் ரத்தத்தில் சேரும் என்பதால் பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கச் சொன்னார். “தாய்க்கும் ரெண்டு குடுங்களேன்” என்றார் உன் அப்பா. “சினையா?” என்று கேட்டார் டாக்டரம்மா. ஆமாம் என்றதும், “அப்பத் தொடவே கூடாது. வயித்துல உள்ளது ஊனமாப் போயிரும். மாத்திரை தின்ன மாட்டோட பாலும் மனுசர் குடிக்கக் கூடாது. தாய்க்கு வெளிப்பூச்சு மட்டும்தான், அதுவும் மடிப்பக்கம் போகாம” என்று கண்டிப்பாகச் சொன்னார்.

எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டேன். “அம்மா, இந்த மாத்திரை பூசணத்தப் பொசுக்காது. முடி முளைக்கிற வேர்ல போய் உக்காந்துக்கிடும். இனிமே வளர்ற முடி மருந்தோட வளரும், அத பூசணத்தால திங்க முடியாது. ஏற்கெனவே கெட்டுப்போன முடிய எந்த மருந்தும் நல்லதாக்காது. அது உதிரணும், புதுசு முழுசா வரணும். அதுவரைக்கும் குடுக்கணும்” என்றார். “அரிப்பு நின்னாலுமா?” என்றார் உன் அப்பா. “அரிப்பு நின்னா மாடு சந்தோசப்படட்டும். நீங்க நிப்பாட்டாதீக.” கடைசியாக, படை கழுத்தைச் சுற்றி ஒரே கோட்டில் ஓடுவதைக் காட்டி, என்ன கட்டினீர்கள் என்று கேட்டார். உன் அப்பா கூரையைப் பார்த்தார். நான் பட்டையைப் பற்றிச் சொன்னேன். பழைய தோலிலும் கயிற்றிலும் அந்தப் பூசணத்தின் விதை வருசக்கணக்கில் உயிரோடு கிடக்கும், எரித்துவிடுங்கள் என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் உன் அப்பா என்னோடு சண்டை. “தேவதானத்துக்காரி கழுத்துல கெடந்தத எரிக்கச் சொல்ல அவிய யாரு? நீ எதுக்குட்டி வாயத் திறந்த?” என்றார். பட்டை ஆணியிலேயே தொங்கியது.

அந்தச் சமயத்தில்தான் பூத்துக்கு உன் போன் வந்தது. நித்யாவின் பின்தலையில் வட்டமாக முடி ஒடிந்திருக்கிறது, பள்ளிக்கூடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், தோல் டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார் என்றாய். உன் மனைவி போனை வாங்கி, “உங்க மாட்டாலதான் அத்தை” என்று அழுதாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னது சரி. நீதான் உடனே, “அந்தக் கன்னுக்குட்டிய வித்துத் தொலைங்க” என்றாய். நோயோடு விற்றால் வாங்குகிற வீட்டுப் பிள்ளைக்கு வராதா? இதுகூட யோசிக்கத் தெரியாமலா உன்னை அவ்வளவு படிக்க வைத்தோம்? உன் அப்பாவிடம் நித்யாவின் தலையைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து போய், ஆணியிலிருந்து பட்டையை ஒரு குச்சியால் எடுத்து, சலங்கைகளை வெட்டிப் போட்டுவிட்டு, தோலைப் பருத்திக்கொட்டை வேகிற அடுப்பில் திணித்தார். அது கருகி முடிகிற வரை அந்த நாற்றத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவு செய்த மனிதர் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? சிட்டுவின் கழுத்தில் பூனைமயிர் போல லேசாக முடி அரும்பியதும், எனக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். கேட்டால், “அதான் வந்துருச்சே, பச்சைக் கன்னு, சூடு தாங்காது” என்றார். கொஞ்ச நாளில் அதே இடத்தில், முன்னைவிடப் பெரிதாக, சாம்பல் வட்டம். டாக்டரம்மா திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. “பெரியவரே, மருந்தோட வளந்த முடி மேல இருக்கு, மருந்து இல்லாத முடி கீழ முளைக்குது. பூசணம் பக்கத்துலயே காத்துக்கிட்டு உக்காந்திருக்கு. நீங்களா கதவத் திறந்து விட்டீக” என்றார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை மாத்திரைப் பொட்டலம் என் இடுப்பில் இருந்தது. தொழுவத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், கயிறுகளை மாற்றினோம். முடி முழுதாக வந்த பிறகும் நிறுத்தாமல், மறுபடி ஓரத்தில் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். தாய்ப்பசுவின் வட்டமும் பூச்சிலேயே ஆறியது. பால்கோவாக்காரர்கள் கேனை மறுபடி கொண்டுவந்தார்கள்.

இப்போது சொல். உன் அப்பா பூனைமயிரைப் பார்த்து நிறுத்தினாரே, அந்த இடத்தில்தான் நீ நிற்கிறாய். அதுவும் அவரைவிட மோசம். அவருக்குப் பூனைமயிராவது தெரிந்தது, உனக்கு அதுவும் இல்லை. அரிப்பு இல்லை என்பதை வைத்துக்கொண்டு சரியாகிவிட்டது என்கிறாய். அவர் அறுபது தாண்டியவர், மூன்றாம் வகுப்பு. நீ பாங்கில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் விவரம் சொல்கிறவன். சின்ன வயதில் உனக்கு வலது காதில் சீழ் வந்தபோது சொட்டு மருந்தை விடாமல் ஊற்றச் சொன்னார்கள். சீழ் நின்றதும் நீ பாட்டிலை வைக்கோல் போருக்குப் பின்னால் எறிந்துவிட்டு, தீர்ந்துவிட்டது என்று என்னிடம் சொன்னாய். இன்றைக்கும் நீ போனை இடது காதில்தானே வைக்கிறாய்? உன் காது உன்னோடு போயிற்று. நித்யா ஆறு வயதுப் பெண். படை ஆழமாக இறங்கித் தழும்பாகிவிட்டால் அந்த இடத்தில் பிறகு முடியே முளைக்காமல் போய்விடுமாம். அவள் பெரியவளாகிக் கண்ணாடி முன்னால் நின்று கேட்கும்போது அவளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்?

டாக்டரம்மாவிடம் நித்யாவைப் பற்றியும் கேட்டேன். “நான் மாட்டு டாக்டரும்மா, பாப்பாவுக்கு நான் மருந்து சொல்லக் கூடாது. அந்த ட்யூப நிப்பாட்டிட்டு, எதையும் மறைக்காம அந்தத் தோல் டாக்டர்ட்டயே போகச் சொல்லுங்க. அவிய பாத்து, தேவைப்பட்டா ரத்தம் எடுத்துப் பாத்துச் சொல்லுவாக” என்றார். போன மாதம் நீ, சிட்டுவுக்குக் கொடுத்த மாத்திரையில் மிச்சம் இருந்தால் தபாலில் அனுப்பு, ஆஸ்பத்திரிக்கு அலைவது மிச்சம் என்றாயே, அதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “மாட்டுக்கு அளந்தத பிள்ளைக்குக் குடுக்கவா?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். உன்னைப் பெற்ற பாவத்துக்கு நான்தான் தலையைக் குனிந்தேன்.

டாக்டரிடம் போகும்போது, மாத்திரையை நிறுத்தியதையும் ட்யூப் தடவியதையும் கூச்சப்படாமல் சொல். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பதா, பாலோடு கொடுப்பதா என்று கேட்டுக்கொள். அவளுக்கென்று தனிச் சீப்பு, தனித் துண்டு வை. தலையணை உறையைக் கொதிக்கிற வெந்நீரில் போடு. வீட்டுக்குள் இருக்கும்போது தலைத்துணியை அவிழ்த்துக் காற்றுப் பட விடு. உன் மனைவி பள்ளிக்கூடத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் பயந்து தனியாகத் தவிக்கிறாள். டாக்டர் வீட்டுக்கு அவளை மட்டும் அனுப்பிவிட்டு நீ ஆபீசுக்குப் போய்விடாதே. கூடப் போய் உட்கார்.

இனி நான் பூத்தில் நின்று உன்னிடம் கேட்கப் போவதில்லை. போனில் நீ எதையும் சொல்வாய். நித்யாவைப் பகல் வெளிச்சத்தில், மொட்டைமாடியில் நிறுத்து. துணியை அவிழ்த்துவிட்டு, அவளைப் பின்பக்கமாகத் திருப்பி நிற்கச் சொல்லி, தலையை மட்டும் கிட்ட இருந்து ஒரு போட்டோ எடு. சிரிக்கச் சொல்லவேண்டாம், நல்ல கவுன் போடவேண்டாம். ஊரில் எல்லோரிடமும் காட்ட அவள் முகம் என்னிடம் நிறைய இருக்கிறது. இது எனக்கு மட்டும். பிலிம் ரோல் முடியட்டும் என்று காத்திருக்காமல் கழுவித் தபாலில் போடு. அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது என்றால், அந்த வெறும் இடத்தையே எடுத்து அனுப்பு.

உன் அம்மா